மூன்று பழைய ஆவணங்களை ஒட்டவைத்து என் கவசத்தை மறுக்கலாமா?

கோவையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஹோட்டல் சமையலறைகளுக்கு எஸ்.எஸ். மேஜை, சிங்க், புகைக்கூண்டு செய்வது இவருடைய தொழில். இருபது வருடமாக ஆர்கான் வெல்டிங்தான். நான்கு வருடத்துக்கு முன் 1500 வாட் கைப்பிடி லேசர் வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஆறாவது மாதம், பட்டறையில் இருந்த 22 வயதுத் தம்பிக்கு இடது கண்ணில் நடுவே ஒரு புள்ளி மறைக்கத் தொடங்கியது. வெல்டிங் செய்தது அவர் அல்ல. நாலடி தள்ளி ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை ஐயா" என்கிறார் வாசகர்.

அதன் பிறகு இரண்டு வருடம் உழைத்து, வெல்டிங் கன் முனையில் மாட்டுகிற ஒரு கவசம் செய்திருக்கிறார். நாசிலைச் சுற்றி அலுமினிய மூடி, அதில் லேசரை வடிகட்டும் ஜன்னல், மூடியை வேலைப்பொருளோடு அழுத்தும் ஸ்பிரிங், மூடி தூக்கினால் லேசரை அணைக்கும் ஸ்விட்ச். பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார், 140 கவசம் விற்றார். இப்போது சென்னை காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. "இது துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது" என்று ஆட்சேபம். ஆதாரமாக மூன்று ஆவணங்கள்: கன் முனையில் வட்டத் தகடும் வடிகட்டி ஜன்னலும் வைத்த ஒரு சீன யூட்டிலிட்டி மாடல், டிரில்லிங் மெஷினில் தூசியை அடக்க ஸ்பிரிங்கும் பிரஷ் விளிம்பும் வைத்த மூடி, மெஷின் கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்.

அவருடைய கேள்விகள்: மூன்றில் எதுவும் என் கவசம் இல்லையே, ஒட்டவைத்து மறுப்பது நியாயமா? அந்தச் சீனத் தகட்டுக்கே பேட்டன்ட் கொடுத்திருக்கிறார்களே, என்னுடையது அதைவிட மேல்தானே? மறுத்துவிட்டால் விற்பதை நிறுத்த வேண்டுமா? இதே மாதிரி செய்து விற்கும் இன்னொரு ஊர்க்காரருக்கு நோட்டீஸ் அனுப்பலாமா? கூடவே, அவருடைய லேத் பங்காளி சொன்ன ஒரு வார்த்தை அவரை ரொம்ப உறுத்துகிறது: "இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்ப்பா."

அன்புள்ள கோவை நண்பருக்கு,

முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியை முடித்துவிடுவோம். பேட்டன்ட் மறுக்கப்பட்டால் நீங்கள் விற்பனையை நிறுத்த வேண்டியதில்லை. பேட்டன்ட் என்பது அடுத்தவரைத் தடுக்கும் உரிமை. நீங்கள் செய்து விற்பதற்கான லைசென்ஸ் அல்ல. அது இல்லாமலும் விற்கலாம், மற்றவர்களும் விற்பார்கள், அவ்வளவுதான். உங்களைத் தடுக்கக்கூடியது இந்தியாவில் அமலில் இருக்கும் வேறொருவரின் பேட்டன்ட் மட்டுமே. அறிக்கையில் சொன்ன சீன ஆவணம் சீனாவுக்குள்தான் உரிமை தரும். இங்கே அது வெறும் பழைய தகவல். ஆனால் பழைய தகவலாக அதற்கு முழு பலம் உண்டு. உலகத்தில் எங்கே, எந்த மொழியில் வெளியாகியிருந்தாலும் உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன் வந்திருந்தால் கணக்கில் சேரும்.

"அதற்கே கொடுத்தார்களே" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சீனாவில் யூட்டிலிட்டி மாடல் என்று பத்து வருடம் ஆயுள் கொண்ட ஒரு சின்ன பேட்டன்ட் உண்டு. அதற்குக் கேட்கப்படும் புதுமையின் அளவே குறைவு. பெரிய பேட்டன்டுக்கு நடக்கும் ஆய்வும் அதற்கு நடப்பதில்லை. இந்தியாவில் அப்படி ஒரு சின்ன பேட்டன்டே கிடையாது. பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய குறை என்பது என் சொந்த அபிப்பிராயம், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே அவர்கள் ஏறிய படி வேறு, நீங்கள் ஏற வேண்டிய படி வேறு.

ஒட்டவைக்கலாமா?

ஒட்டவைக்கலாம். இதில்தான் உங்கள் கடிதம் முழுக்க ஒரு குழப்பம் ஓடுகிறது. சட்டம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒன்று, புதியதா? இதற்கு ஒரே ஆவணத்தில் உங்கள் கவசம் முழுசாக இருக்க வேண்டும். இல்லை என்பதால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள், ஆய்வாளரும் அதை மறுக்கவில்லை. இரண்டு, எளிதில் தோன்றக்கூடியதா? இங்கே இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்தத் துறை ஆளுக்கு அவற்றைச் சேர்க்கக் காரணம் இருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) இதைப் பற்றியது. தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்க வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம் இருக்க வேண்டும், அல்லது இரண்டும். அதோடு நிற்காமல், துறைத் தேர்ச்சி உள்ளவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். 140 விற்றதைப் பொருளாதார முக்கியத்துவம் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் பாதிக்குத்தான் உதவும். இரண்டாம் பாதி அப்படியே நிற்கிறது. இரண்டு வருட உழைப்பும் அதே மாதிரிதான். எளிதில் தோன்றும் விஷயத்துக்கும் ஒரு மனிதர் இரண்டு வருடம் பாடுபடலாம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆய்வாளர் வியர்வையை எடை போடுவதில்லை.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு வழக்கைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரப் பட்டறைகள் உண்டு. அங்கே லேத்தில் பித்தளைப் பாத்திரத்தை மாட்டிச் சீவும்போது, பிடி நழுவிப் பாத்திரம் பறந்து ஆளைத் தாக்கும் ஆபத்து இருந்தது. ஒரு பட்டறைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் அமைப்பு ஒன்றைச் செய்து 1951ல் விண்ணப்பித்துப் பேட்டன்ட் எடுத்தார். உங்களுடையதைப் போலவே தொழிலாளியின் பாதுகாப்புக்கான யோசனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978ல் தீர்ப்பு: லேத்தில் டெயில்ஸ்டாக் (எதிர்ப்பக்கத் தாங்கி) கொண்டு அழுத்துவது ஊரறிந்த விஷயம், அதை இங்கே கொண்டுவந்தது வெறும் பட்டறை மேம்பாடு, பேட்டன்ட் செல்லாது. பிஷ்வநாத் பிரசாத் வழக்கு என்பார்கள். உங்கள் அறிக்கையின் கடைசிப் பத்தியில் பெயர் சொல்லாமல் ஆய்வாளர் சொல்வது இதைத்தான்.

அதே தீர்ப்பில் உங்களுக்குச் சாதகமான ஒரு அளவுகோலும் இருக்கிறது. பழைய ஆவணத்தைத் திறமையான ஒரு கைவினைஞரிடமோ இன்ஜினியரிடமோ கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவருக்கு உங்கள் பிரச்சினை தெரியும், உங்கள் தீர்வு தெரியாது. அவர் அதைப் பார்த்ததும் "எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது" என்று சொல்லியிருப்பாரா? தீர்வு தெரியாது என்பதுதான் இதில் உயிர். உங்கள் கவசத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். உங்கள் பங்காளி செய்ததும் அதுதான், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோச் – சிப்ளா மருந்து பேட்டன்ட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2015ல் இந்தச் சோதனையை ஐந்து படிகளாக வகுத்தபோதும், இந்தப் பின்னோக்குப் பார்வையை விலக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே சொன்னது.

இனி உங்கள் முதல் கிளெய்முக்கு, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதிய வாக்கியத்துக்கு, வருகிறேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இப்போது எழுதியிருக்கிறபடி அது நிற்காது. மூடி, ஜன்னல், ஸ்பிரிங், ஸ்விட்ச் என்று நான்கு சாமான்களை வரிசையாக அடுக்கியிருக்கிறது. மூடியும் ஜன்னலும் சீன ஆவணத்தில் இருக்கின்றன. பரப்போடு ஒட்டி நிற்க ஸ்பிரிங் வைப்பது தூசி மூடியில் இருக்கிறது. திறந்தால் அணைவது பழைய சங்கதி. ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையைத் தனித்தனியாகச் செய்கிறது. தெரிந்த சாதனங்களைத் தெரிந்த விதத்தில் அருகருகே வைப்பது கண்டுபிடிப்பே அல்ல என்று பிரிவு 3(எஃப்) வேறு சொல்கிறது. அந்தக் கிளெய்மைக் காப்பாற்ற ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி

காப்பாற்ற வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தின் ஏழாம் பக்கத்தில், பேச்சுவாக்கில், நீங்கள் எழுதியது இது: "முதலில் நைலான் பிரஷ் வைத்தேன், இரண்டாம் நாளே கருகிவிட்டது. பித்தளைக் கம்பி பிரஷ் வைத்தேன், ஷீட்டில் கோடு விழுந்தது, அதைவிட, நாசில் தொடாமலேயே லேசர் அடித்தது, பயந்துபோய்க் கழற்றிவிட்டேன். அப்புறம்தான் மூடியை இரண்டு இறக்கையாக வெட்டிக் கீல் போட்டேன்."

இதைப் படித்ததும் நான் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். சட்டம் படிக்கும் முன் நானும் மெக்கானிக்கல்தான், அதனால் இதை மற்ற வாசகர்களுக்கும் விளக்கிவிடுகிறேன்.

கைப்பிடி லேசர் மெஷினில் ஒரு கிளாம்ப் ஒயர் வரும், அதை வேலைப்பொருளில் கவ்வவிடுவோம். செம்பு நாசில் ஷீட்டைத் தொட்டால் மின்சுற்று மூடும், அப்போது ட்ரிகரை அழுத்தினால் லேசர் வரும். கன்னைக் காற்றில் நீட்டி அடித்துவிடாமல் இருக்க மெஷினுடைய சொந்தப் பாதுகாப்பு அது. கன் உடம்போடு மின்தொடர்பு உள்ள கம்பி பிரஷ் ஷீட்டில் உரசினால், நாசில் தொட்டுவிட்டது என்று மெஷின் நம்பிவிடும். பாதுகாப்புக்கென்று மாட்டிய பிரஷ் இருந்த பாதுகாப்பையே கெடுத்துவிட்டது.

இப்போது ஆய்வாளரின் வாதத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சீனத் தகட்டையும் தூசி மூடியையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றும் என்கிறார். தோன்றும், சரி. உங்களுக்கே முதலில் அதுதான் தோன்றியது! ஆனால் அந்த வழியில் போனால் கிடைப்பது என்ன? நைலான் என்றால் கருகும், கம்பி என்றால் மெஷினை ஏமாற்றும். அவர் காட்டும் சேர்க்கை உங்கள் தீர்வில் கொண்டுபோய் விடவில்லை, முட்டுச்சந்தில் விடுகிறது. நீங்கள் தோற்ற இரண்டு பிரஷ்களும் இந்த வழக்கில் உங்கள் சாட்சிகள். அவற்றைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இறக்கை விஷயம் இன்னும் பலமானது. விறைப்பான வட்டத் தகடு தட்டையான ஷீட்டில் நன்றாக உட்காரும். உங்கள் வேலையில் பாதி உள்மூலை. சிங்க் தொட்டியின் பக்கமும் அடியும் சேரும் இடம். அங்கே வட்டத் தகடு ஒரு விளிம்பில் தொட்டு மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மூன்றாம் ஆவணத்து ஸ்விட்ச் ஒன்றை அதில் வைத்தால் என்ன ஆகும்? தொட்ட பக்கத்தை வைத்து "மூடியாச்சு" என்று சொல்லிவிடும். திறந்த பக்கம் வழியாகக் கதிர் வெளியேறும். மூன்றையும் சேர்த்தால் நிலைமை முன்னைவிட மோசம். உங்கள் அமைப்பில் இரண்டு இறக்கைகளும் தனித்தனியாக மடிந்து, ஆளுக்கொரு பக்கத்தில் உட்காருகின்றன. இரண்டுக்கும் ஒவ்வொரு ஸ்விட்ச், இரண்டும் சீரிஸில். இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் ஒழிய லேசர் இல்லை. இறக்கையைக் கன்னோடு இணைக்கும் இடத்தில் மின்சாரம் கடத்தாத பேக்கலைட் புஷ், அதனால் மெஷினின் தொடுகைச் சுற்றும் கெடவில்லை. இங்கே மூடியும் ஸ்விட்ச்சும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு சாமான்கள் அல்ல. ஒன்று இல்லாமல் மற்றதற்கு அர்த்தம் இல்லை. 3(எஃப்) ஆட்சேபத்துக்கும் இதுவே பதில்.

சட்டம் பாதுகாக்க வாய்ப்புள்ள உங்கள் கண்டுபிடிப்பு, என் கணிப்பில், இந்த இறக்கை அமைப்புதான். கவசம் என்ற பொதுவான யோசனை கைவிட்டுப் போய்விட்டது.

படம் 4 யாரிடம் இருக்கிறது?

ஒரு பெரிய "ஆனால்" உண்டு. தாக்கல் செய்த விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தில், இறக்கையும் கீலும் இருக்கின்றனவா? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நகலில் கிளெய்ம் பக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன. "படம் 4ல் பார்க்கவும்" என்று ஒரு இடத்தில் வருகிறது, படம் 4 இல்லை. உங்கள் பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் கேட்டு முழு விவரக்குறிப்பையும் படங்களையும் வாங்குங்கள்.

பிரிவு 59 கறாரானது. கிளெய்மைக் குறுக்கலாம், தெளிவுபடுத்தலாம், பிழை திருத்தலாம். முதலில் தாக்கல் செய்ததில் இல்லாத ஒன்றைப் பின்னால் நுழைக்க முடியாது. படத்தில் இரண்டு இறக்கையும் கீலும் தெளிவாகத் தெரிந்து, விளக்கத்தில் ஓரிரு வரி இருந்தாலும் போதும், அதைப் பிடித்துப் புதிய முதல் கிளெய்ம் எழுதலாம். பேக்கலைட் புஷ் சொல்லப்படவில்லை என்றால் அதை விட்டுவிட்டு இறக்கையும் இரட்டை ஸ்விட்ச்சும் வைத்துப் போராட வேண்டும். எதுவுமே இல்லை, ஒற்றை மூடி மட்டும்தான் வரைந்திருக்கிறது என்றால் இந்த விண்ணப்பத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

படம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பதிலை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். முதலில் பிரச்சினையைச் சரியாகச் சொல்லுங்கள். "கண்ணைப் பாதுகாப்பது" என்று விரிவாகச் சொன்னால் பழைய ஆவணங்கள் எல்லாமே அதற்குப் பதில் சொல்லும். "உள்மூலையில் வெல்டிங் செய்யும்போது ஒரு பக்கம் திறந்திருந்தும் ஸ்விட்ச் மூடியதாகக் காட்டுவது" என்று சொல்லுங்கள். மூன்று ஆவணங்களும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து, அது எதைத் தீர்த்தது, சேர்த்தால் எங்கே இடிக்கும் என்று காட்டுங்கள். கருகிய பிரஷ்ஷின் போட்டோ, விறைப்பான தகட்டையும் உங்கள் இறக்கையையும் ஒரே மூலையில் வைத்து வெளியே கசியும் கதிரை அளந்த அட்டவணை, இவற்றைப் பிரமாணப் பத்திரத்தோடு வைக்கலாம். அளவெடுப்பை உங்கள் பட்டறையில் செய்யாதீர்கள். லேசர் பாதுகாப்பு தெரிந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகத்தில், அளவீட்டுக் கருவி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

கெடு விஷயம் சுருக்கமாக. அறிக்கை வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் படிவம் 4 கொடுத்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதிவிடுவார்கள். பதிலுக்குப் பிறகும் ஆட்சேபம் நின்றால் விசாரணை கேளுங்கள். இப்போது அது காணொளியில்தான் நடக்கிறது. கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மூலைத் துண்டின்மேல் இறக்கை எப்படி உட்காருகிறது என்று கேமராவில் காட்டுங்கள். பத்துப் பக்க வாதம் செய்யாததை அரை நிமிடம் செய்துவிடும். விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதம் தர வேண்டும்.

அப்படியும் மறுத்தால், மூன்று மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு இதற்கென்று இருந்த தனி வாரியம் 2021ல் கலைக்கப்பட்டுவிட்டது. "எளிதில் தோன்றக்கூடியது" என்று ஒற்றை வரியில் மறுத்தால் அது நிற்காது. பழைய ஆவணம் என்ன சொல்கிறது, இந்தக் கண்டுபிடிப்பு என்ன, அதிலிருந்து இதற்கு எப்படி வர முடியும் என்று மூன்றையும் அலச வேண்டும் என 2022ல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கவசத்தில் உங்களுக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை.

அந்த வாட்ஸ்அப் வீடியோ

விண்ணப்பம் போடுவதற்குப் பத்து நாள் முன்பு ஃபேப்ரிகேட்டர்கள் குரூப்பில் 40 விநாடி வீடியோ போட்டதாகவும், "நம்ம ஆட்கள்தானே, இதெல்லாம் வெளியிட்டதாகாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருநூறு பேர் இருக்கும் குரூப், யாரும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போடவில்லை. அது வெளியிட்டதுதான். சொந்தக்காரரே வெளியிட்டாலும் பொதுவான சலுகைக் காலம் நம் சட்டத்தில் கிடையாது. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, பொது இடத்தில் நடத்தியே தீர வேண்டிய சோதனை மாதிரி சில குறுகிய விதிவிலக்குகள்தான், உங்கள் வீடியோ அவற்றில் வராது. பிரிட்டனில் ஒரு வழக்கு உண்டு: பாய்மரப் பலகைக்கு எடுத்த பேட்டன்ட் ஒன்று 1985ல் செல்லாமல் போனது. 1958ல் ஹேலிங் தீவில் 12 வயதுப் பையன் ஒருவன் விடுமுறையில் தானே ஒரு பலகை செய்து கடலில் விளையாடியிருக்கிறான், கரையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பேட்டன்டைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது.

வீடியோவில் என்ன தெரிகிறது என்பதுதான் இனி கேள்வி. வெளிப்பக்கம் மட்டும் தெரிந்து, கீலும் ஸ்விட்ச் இணைப்பும் தெரியவில்லை என்றால் இறக்கை கிளெய்முக்குப் பாதிப்பு குறைவு. தெரிகிறது என்றால் எதிராளி கையில் அது ஆயுதம். அழித்துவிடலாமா என்று கேட்காதீர்கள், இருநூறு போனில் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் காட்டுங்கள்.

நோட்டீஸ் விஷயம்: இப்போது அனுப்பாதீர்கள். விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து உரிமை கணக்கில் வரும் என்று பிரிவு 11ஏ சொல்வது உண்மை. ஆனால் பேட்டன்ட் கிடைக்கும் வரை வழக்குப் போட முடியாது. ஆதாரமில்லாமல் மிரட்டினால் பிரிவு 106ன் கீழ் அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். மேலும், அவர் விற்பது ஒற்றை மூடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளெய்மை இறக்கைக்குக் குறுக்கிய பிறகு அவர் அதற்குள் வரவே மாட்டார். இது கசப்பான பகுதிதான். கிளெய்மைக் குறுக்கினால் பேட்டன்ட் கிடைக்கும், ஆனால் பிடிபடும் மீன் குறையும். அப்புறம், பெட்டியில் ஒட்டியிருக்கும் "பேட்டன்ட் பெற்றது" ஸ்டிக்கரை இன்றே கிழித்துவிடுங்கள். கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்வதற்குச் சட்டத்தில் அபராதம் உண்டு. "விண்ணப்பம் நிலுவையில்" என்று போடலாம்.

புகை உறிஞ்சும் குழாய் வைத்த அடுத்த மாடல் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை யாருக்கும் காட்டாமல் கூடுதல் பேட்டன்டாக, அதாவது மூல விண்ணப்பத்தின் மேம்பாடாக, பிரிவு 54ன் கீழ் தாக்கல் செய்யலாம். உங்கள் மூலக் கண்டுபிடிப்போடு ஒப்பிட்டு எளிதில் தோன்றக்கூடியது என்ற காரணத்துக்காக மட்டும் அதை மறுக்க முடியாது. மற்றவர்களின் பழைய ஆவணங்களோடு ஒப்பிடுவார்கள். தனிப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. ஆயுள் மூலத்தோடு முடியும், மூலம் கிடைக்காமல் இது கிடைக்காது. வடிவமைப்புப் பதிவு கேட்டிருந்தீர்கள்: ஏற்கெனவே விற்ற வடிவத்துக்கு முடியாது.

துண்டறிக்கையில் இருக்கும் அந்த வாக்கியம்

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். "இந்தக் கவசம் இருந்தால் கண்ணாடி தேவையில்லை" என்று துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். இந்த மெஷின்களின் கதிர் ஏறக்குறைய 1070லிருந்து 1080 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை தானாக மூடாது. கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் குவித்துவிடும், விழித்திரைக்கு வலியும் தெரியாது. அந்தத் தம்பிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆர்கான் வெல்டிங்கின் கறுப்புக் கண்ணாடி இதற்கென்று செய்ததல்ல. அந்த அலைநீளத்துக்கு அளவு குறிப்பிட்ட லேசர் கண்ணாடி வேண்டும். ஆப்டிகல் டென்சிட்டி 7 என்றால் கோடியில் ஒரு பங்கு மட்டும் உள்ளே விடும். 1500 வாட்டில் அது 0.15 மில்லிவாட். உங்கள் ஜன்னலை எங்கோ ஆன்லைனில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் அலைநீளமும் டென்சிட்டியும் அச்சிட்டிருக்கிறதா? ஷீட் பிடிக்கிறவர், எதிரே தேநீர் கொண்டுவருகிறவர் உட்பட எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். கவசம் இரண்டாவது காவல்தான். பேட்டன்ட் கிடைத்தாலும் அது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. கைப்பிடி லேசர் கருவிகளின் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 11553-2 என்று தனித் தரநிலை இருக்கிறது. வாங்குகிறவர்கள் சீக்கிரமே அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

தம்பியைப் பற்றி "சொட்டு மருந்து போட்டோம், பரவாயில்லை" என்று எழுதியிருப்பது எனக்குப் போதவில்லை. விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப்போய், லேசர் என்ற வார்த்தையையும் அலைநீளத்தையும் சொல்லி, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை இந்த வாரமே செய்யுங்கள், படம் 4 திங்கட்கிழமை கிடைத்தாலும் பரவாயில்லை.